டிப்பரை இறக்கிய பிறகே ஆயில் அளவு பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு சர்ஜாபூர் சாலைப் பகுதியில் நெடுநாளாக டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வருகிறேன். இங்கு வரும் டிராக்டர்களில் உழவுக்குப் போகின்றவை சொற்பம். பெரும்பாலானவை ஜல்லி, எம்சாண்ட், இடித்த கட்டடக் கழிவு ஆகியவற்றைச் சுமக்கும் டிப்பர் டிரெய்லர்களை இழுப்பவை. ஓட்டுநர்களில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தங்கள் நாளிதழைப் படிப்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு தம்பி, டிப்பரைத் தூக்கி நிறுத்தியிருந்தபோதே டிராக்டரின் ஆயில் அளவு காட்டும் கேஜ் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, டிப்பரைத் தூக்கும் ஹைட்ராலிக் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருப்பதைக் கண்டு பதறி, ஐந்து லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டார். டிப்பர் இறங்கியதும் சிலிண்டருக்குள் இருந்த ஆயில் திரும்பி வந்து, பிரீதர் (காற்றுத் துளை) வழியாகப் பொங்கிப் பின்சக்கரம் வரை வழிந்தது. ஆயில் எங்கும் ஒழுகிப் போயிருக்கவில்லை. தூக்கிய சிலிண்டருக்குள்தான் இருந்தது.

எனவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி (நம் லேஅவுட் சாலைகளில் அப்படி ஓர் இடம் தேடுவதே பெரும்பாடு), டிப்பரையும் பின்புற லிஃப்ட் கைகளையும் முழுமையாக இறக்கி, என்ஜினை அணைத்துச் சற்று நேரம் விட்ட பிறகு, கேஜைச் சுத்தமான துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மரை உள்ள கேஜாக இருந்தால் முறுக்கிப் பார்ப்பதா, வெறுமனே வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து ஊளையிடும், டிப்பர் விட்டுவிட்டு ஏறும். கூடினால் சூடேறி நுரைக்கும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் புது ஆயில் ஊற்றுவது வீண் செலவு.

இன்னொன்றையும் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும். ஒரே டிரெய்லரை இன்று ஒரு டிராக்டரிலும் நாளை வேறொன்றிலும் மாட்டுவது இங்கு வழக்கம். சிலிண்டரிலும் ஹோஸ் குழாயிலும் தங்கிய ஆயில், அதில் உள்ள அழுக்கோடு அடுத்த வண்டிக்குள் போய்விடுகிறது. பல டிராக்டர்களில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கர அமைப்பு), ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக்குக்கும் பெரும்பாலும் அதுவே என்பதால், வேறு ரகம் கலந்தால் லிஃப்டோடு பிரேக்கும் கெடக்கூடும். டிரெய்லர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹோஸை இணைக்கும் கப்ளிங் முனைகளைத் துடைத்து மாட்டி, டிப்பரை ஓரிரு முறை ஏற்றி இறக்கி, பிறகு அளவு பார்க்கும்படி ஓட்டுநர்களிடம் சொல்லி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிராக்டர் மெக்கானிக்,
சர்ஜாபூர் சாலை, பெங்களூரு