மருமகனின் ஸ்கேன் பார்த்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், வலிப்பு வந்த உன் அக்கா மகனின் சி.டி. ஸ்கேன் படங்களும் வந்து சேர்ந்தன. "மூளையில் கட்டியாம், ஆபரேஷன் எப்போது?" என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குக் கத்தி எடுக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். அக்காவிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு மீதியைப் படி.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். மூளையின் மேற்பரப்பை ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் வெள்ளை வளையம் ஒன்று தெரியும். அதற்குள் ஓரமாகக் கடுகளவு ஒரு புள்ளி. அதுதான் நாடாப்புழுவின் இளம்புழுவுடைய தலை. உயிரோடு இருக்கும்வரை அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு விழித்துக்கொண்டு அதை எதிர்க்கிறது. அந்த வீக்கத்தில் வலிப்பு வருகிறது.

எண்பதுகளில் நான் பயிற்சி பெற்றபோது இத்தகைய வளையத்தைக் கண்டாலே காசநோய்க் கட்டி என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்போம். வளையம் மறைந்ததும் மருந்தின் மகிமை என்போம்! வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் ராஜசேகரும் அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் சோதித்து, அவை புழுக்கட்டிகள் என்று 1989-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு அடையாளங்களையும் வகுத்துக் கொடுத்தார்கள்: கட்டி ஒன்றே ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்குள், தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கக் கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் ஏறக் கூடாது. நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பையனுக்கு எல்லாமே பொருந்துகிறது.

"நாங்கள் பன்றி இறைச்சியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே" என்று அக்கா கோபித்துக்கொள்வார். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவனுக்குக் குடலில்தான் நாடாப்புழு வளரும். அவன் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கழுவாத கையிலும் கொத்தமல்லித் தழையிலும் ஒட்டிக்கொண்டு ஒருவர் வயிற்றுக்குள் போனால்தான் மூளைவரை வரும். சைவத்துக்கு இதில் சலுகை கிடையாது.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. புழுவுக்கான அல்பெண்டசோல் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணுக்குள் புழு இருந்தால் அந்த மருந்தே பார்வைக்கு வினையாகும். கூடவே வீக்கத்துக்கு ஸ்டீராய்டும் தருவார்கள். சில மாதம் கழித்து மறு ஸ்கேன். சுருங்கியிருந்தால் நல்லது, பெருத்திருந்தால், அப்போது துளையிட்டுத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேசலாம். அவசரப்பட்டு இப்போதே மண்டையைத் திறக்கச் சொல்பவர் கிடைத்தால், இன்னொருவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

மறுபடி வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தேடி ஓடாமல் பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் சாவியை நீ வாங்கி வைத்துக்கொள். கிணற்றுக் குளியலும் வேண்டாம்.

படத்தை மட்டும் பார்த்துச் சொன்னது இது. அடுத்த வாரம் அவனை நேரில் அழைத்து வா, பழைய மருந்துச் சீட்டுகளோடு. உன் முழங்கால் வலியையும் அப்படியே பார்த்துவிடலாம். அது என் துறை இல்லை என்றாலும் திட்டுவதற்கு நான் போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்