தம்பிக்கு, மானாமதுரையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும், அதனால்தான் இதைத் தபாலில் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி வெறும் டீயோடு படுக்காதே.

ஸ்காட்லாந்து கதை தெரு முழுக்கப் போய்விட்டது. அம்மா யாரையும் விடவில்லை. ப்ளாக்டன் கிராமத்தில் தண்ணீர் ஓரமாக நின்ற மரங்களைத்தான் முதலில் சொல்கிறாள். அந்தக் குளிரில் தென்னை என்றால் எவன் நம்புவான்? நியூசிலாந்திலிருந்து வந்த வேறு மரம் என்று நீ சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வெளிச்சத்தில் நின்று துணி காயப்போட்டதையும் சொல்கிறாள். க்ளென்கோவை மட்டும் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. வந்த பட்டாளத்துக்குப் பன்னிரண்டு நாள் சோறும் படுக்கையும் கொடுத்த வீட்டு ஜனங்களை, 1692 பிப்ரவரியில் விடியும் முன்னே அந்தப் பட்டாளமே வெட்டியது, 38 பேரை. "சாப்பிட்ட கைடி அது" என்று சொல்லி அழுகிறாள். மலையும் அருவியும் அவ்வளவு அழகாக இருந்த இடத்தில் அவளுக்கு அதுதான் மனதில் நின்றிருக்கிறது.

எனக்கு நின்றது க்ளென்ஃபினன் பாலம். 21 வளைவு, 30 மீட்டர் உயரம், உள்ளே கம்பியே இல்லாத வெறும் கான்கிரீட், 1901-ல் திறந்த லைன், இன்னும் வண்டி ஓடுகிறது. ஹாரி பாட்டர் சினிமாவுக்காக வந்த கூட்டத்துக்கு நடுவில் நான் ஒருவன்தான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். மாலெய்க் வரைக்கும் ஜன்னல் சீட்டை எனக்கே விட்டுக்கொடுத்தாய். அங்கே சிங்கிள் லைனில், வண்டி போகலாம் என்பதற்கான டோக்கனை ரேடியோவிலேயே டிரைவருக்குக் கொடுக்கிறார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷனில் பிரம்பு வளையத்தில் தோல் பையை மாட்டி, டோக்கன் உருண்டையை உள்ளே போட்டு, மழையில் நனைந்துகொண்டு நீட்டியவன். அதை உன்னிடம் விளக்கியபோது நீ தலையாட்டினாய். காதில் வாங்கவில்லை என்று தெரியும். கோபம் இல்லை.

செலவைச் சொல்ல வேண்டும். எட்டு நாளும் நீதான் எல்லாவற்றுக்கும் கொடுத்தாய், என்னைப் பையில் கைவிட விடவில்லை. ஃபோர்ட் வில்லியம் ஓட்டலில் ஒரு கார்டு எடுக்கவில்லை, வேறு கார்டு கொடுத்தாய், அதற்கும் அந்தப் பெண் இரண்டு தடவை தேய்த்தாள். கோட்டைக்குக் கோட்டை டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? எய்லன் டோனனை வெளியே பாலத்திலிருந்து பார்த்தாலே கண் நிறைந்துவிடும். 1719-ல் வெடிவைத்துத் தகர்த்தது, இருநூறு வருஷம் குட்டிச்சுவராகக் கிடந்து, 1912-ல் தொடங்கி இருபது வருஷம் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அதை வெளியில் நின்றே நீ சொல்லியிருக்கலாம். காசைப் பார்த்துச் செலவு பண்ணு. எங்களுக்குக் காட்டியது போதும்.

என் மகன் வண்டி ஓட்டுவதை மட்டும் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஆப்பிள்கிராஸ் போகிற அந்த மலை ரோடு, 626 மீட்டர் ஏற்றம், ஒரு வண்டி அகலம், கொண்டை ஊசிக்கு மேல் கொண்டை ஊசி. அம்மா கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தாள். உன் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று அங்கங்கே இடம் விட்டு, கம்பத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். ஒதுங்குகிறவனுக்கு எதிரே போகிறவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான். எதிர் வண்டிக்கு வழிவிட ஒரு ரயிலை லூப்பில், பக்கத்துத் தண்டவாளத்தில், நிறுத்துகிற மாதிரியேதான்.

இறக்கத்தில் ஒரு வேனுக்கு ஒதுங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? வேன் போய்விட்டது. அந்த ஆள் கையும் காட்டினான். அதற்குப் பிறகு ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை, கீழே கடல்வரைக்கும் காலியாகத் தெரிந்தது. நீ வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. கண்ணாடியில் தூறல் விழுந்து, வைப்பர் வழித்து, மறுபடி விழுந்து, ஐந்து நிமிஷத்துக்குக் குறையாது. அம்மா அதற்குள் தூங்கிவிட்டாள். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "போலாமாய்யா" என்றேன். "ம்" என்றாய்.

அவ்வளவுதான் நான் கேட்டது. லீவு எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. எட்டு நாளில் ஆபீசிலிருந்து ஒரு போன்கூட வரவில்லையே என்றும் கேட்கவில்லை. போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது சாப்பிடுகிற இலைக்குப் பக்கத்தில் போனை வைத்திருந்தாய், அதற்காக உன்னைத் திட்டினேன்.

திரும்பும்போது எனக்காக டண்டீ பக்கம் சுற்றிக்கொண்டு போனாய். டே ஆற்று ரயில் பாலத்தை ஒட்டித் தண்ணீருக்கு மேல் வரிசையாக மொட்டைத் தூண்கள் நின்றதே, அது பழைய பாலத்தின் அடி. 1879 டிசம்பர் 28, புயல் ராத்திரி, வண்டியோடு பாலம் போய்விட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடி பக்கத்தில் கடல் கொண்டுபோன வண்டியைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவன் நான், அங்கே நிற்கும்போது கால் கூசியது. விசாரணையில் வந்த ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். வார்ப்பிரும்புத் தூணில் வார்க்கும்போதே விழுந்த ஓட்டைகளை மெழுகும் குங்கிலியமும் இரும்புத் தூளும் கரியும் குழைத்து அடைத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் தெரியாது.

தம்பி, டூர் கிளம்புவதற்கு முந்தின வாரம் மூன்று நாள் ஆபீசுக்குப் போனாய். அம்மா டிபன் கட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் டப்பாவை நான்தான் பையிலிருந்து எடுத்து வைத்தேன். மூன்று நாளும் டப்பா கழுவி, துடைத்து, மூடி இருந்தது. படித்த காலத்திலிருந்து நீ டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்ததே கிடையாது. வேலைக்குப் போகிறவனுக்கு அதற்கு நேரம் ஏது?

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் கழுவியிருக்கிறேன். நாலு மாசம், பிளாட்பாரக் குழாயில், இரண்டு ஸ்டேஷன் தள்ளி. நைட் டூட்டியில் நான் கண் அயர்ந்து, சரக்கு வண்டி ஒன்று ஸ்டேஷனுக்கு வெளியே ஹோம் சிக்னலில் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அரைச் சம்பளத்தில் சஸ்பென்ஷன். மீதிக்குப் பெரியமாமாவிடம் கைமாற்று. காலையில் யூனிஃபாரம் போட்டுக்கொண்டு கிளம்புவேன், ரயிலில் சட்டையை மாற்றிக்கொண்டு, வேப்பமரத்தடி பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன்.

நீ அஞ்சாவது படித்தாய். கபடிப் போட்டிக்குப் போன உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள். "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். நான் உன் வாயைப் பொத்தினேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். கையில் அஞ்சு ரூபாய் திணித்தேன். அந்தக் காசை நீ செலவழிக்கவில்லை, ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாய், நான் பார்த்தேன். இன்றுவரை அவளிடம் நீ சொல்லவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு மறைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். நீ எதையும் சொல்வதில்லை என்று இத்தனை வருஷம் உன்னையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்தச் சத்தியத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் கதையை இந்த வாரம் அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் ஆடியில் முடிகிறது, அதை நான் புதுப்பிக்கப் போவதில்லை. அந்த மாடி அறையில் சுண்ணாம்பு அடித்துவிட்டேன், ஃபேனும் மாற்றியாயிற்று.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. மழைக்கோட்டைப் போட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போவாள், ஏழரைக்குத்தான் வருவாள். உனக்கு அப்போது மத்தியானம் ஒன்றரை. ஆபீஸ் நேரம்தான். கூப்பிடு, போன் என் கையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா