மாலத்தீவில் மனிதர்களும் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாலத்தீவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். கடல்மேல் நிற்கும் சொகுசுக் குடில்கள், நீலத் தண்ணீர், கடைசிப் பத்தியில் 'விரைவில் மூழ்கப்போகும் நாடு' என்று ஒரு வரி. அந்த ஊர்க்காரர் ஒருவர்கூடக் கட்டுரையில் இல்லை. நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, ஹுவாது அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாகக் கிடக்கும் பவளத் தீவுக்கூட்டம்) ஒரு தீவுப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

ஏறத்தாழ 1,190 தீவுகள். அவற்றில் ஊர் என்று இருப்பவை 200க்குள். நிலத்தை எல்லாம் சேர்த்தாலும் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. கடல் உயர்வது உண்மையான ஆபத்து, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்குள்ளவர்களுக்கு இன்றைய கவலை மணலும் தண்ணீரும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே!

'ஆண்டு முழுக்க ஒரே வானிலை' என்கிறது கட்டுரை. வெப்பம் பெரும்பாலும் 25 முதல் 31 டிகிரிக்குள் நிற்கும், சரி. காற்று அப்படி நிற்காது. மே மாதத்திலிருந்து தென்மேற்கிலிருந்து வீசுவது 'ஹுல்ஹங்கு', ஆண்டுக் கடைசியில் வடகிழக்கிலிருந்து வீசுவது 'இருவை'. நம் பஞ்சாங்கத்தின் அதே 27 நட்சத்திரங்களை வைத்து, நட்சத்திரத்துக்குப் பதின்மூன்று பதினான்கு நாள் என்று ஆண்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 8இல் அசுவினி தொடங்கும். எப்போது கடல் கொந்தளிக்கும், எப்போது மீன் கிடைக்கும் என்று மூத்த மீனவர்கள் அதைக் கொண்டே சொல்வார்கள்.

ஹுல்ஹங்கு வீசும் மாதங்களில் மேற்குக் கரை மணல் தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்விடும். நான் குடியிருந்த வீட்டுப் பக்கம் ஒரு தென்னையின் வேர்க்கொத்து முழுக்க வெளியே தொங்கும். ஜனவரி தாண்டினால் போன மணல் திரும்பி வந்து வேரை மூடும். பிள்ளைகள் அதன்மேல் பந்து விளையாடுவார்கள். அந்த வெள்ளை மணல் பவளம் பொடிந்தது. கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்துக் கழிப்பதும் அதில் பெரும்பங்கு. பாறை உயிரோடு இருந்தால்தான் மணல். 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. போதாததற்கு, தீவுக்குத் தீவு கட்டிய துறைமுகமும் கல்சுவரும் மணல் சுற்றிவரும் வழியை மறிக்கின்றன. உங்கள் கட்டுரை இதை அல்லவா விசாரித்திருக்க வேண்டும்?

அப்புறம் தண்ணீர். மணலில் இறங்கும் மழைநீர், எடை குறைவு என்பதால், கீழே இருக்கும் உப்புநீர்மேல் மெல்லிசாக மிதக்கும். கிணறு ஓர் ஆள் ஆழம்கூட இருக்காது. நீளக் கம்பின் நுனியில் தகரக் குவளை கட்டி மொள்வார்கள். அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். கழிவுநீர் கலப்பது வேறு. 2004 சுனாமியில் பல தீவுகளின் கிணறுகள் கெட்டன. ரா அட்டோலின் கந்தொல்ஹுதூ என்ற தீவையே விட்டு மக்கள் வெளியேறி, பிறகு துவாஃபாருவில் குடியேறினார்கள்.

அதனால் நான் இருந்த காலத்தில் குடிக்க மழைநீர்தான். எங்கள் வீட்டுக்கார அம்மா, முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அதற்கப்புறமே குழாயைத் தொட்டியில் செருகுவார். நடுராத்திரி மழை என்றாலும் எழுந்துவிடுவார். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை மழை பொய்த்தால் தொட்டி காலி, கப்பலில் தண்ணீர் வரவேண்டும். தலைநகரம் மாலேயும் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது.

நமக்கு இது தூரத்து நாடும் இல்லை. நாம் குழம்பிலும் சம்பலிலும் போடும் மாசிக் கருவாடு அவர்கள் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரை மீன். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலே போகின்றன. அடுத்த முறை எழுதும் முன் உங்கள் நிருபரை அந்தத் தோணிக்காரர்களிடம் அனுப்புங்கள். தீவுகளில் வேலை பார்த்துத் திரும்பிய ஆசிரியர்களும் செவிலியர்களும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறோம். கேட்டால் சொல்லக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகர்கோவில்.