பாடும் தபால்காரருக்கு

அன்புள்ள ஜான் பிரைன்,

அமெரிக்காவில் பாட்டெழுதிப் பாடியவர் நீங்கள்; சிகாகோவை ஒட்டிய மேவுட் ஊர்க்காரர். அந்தப் பக்கத்துத் தெருக்களில் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தவர். குளிர்காற்று தாங்க முடியாத நாட்களில், தபால் கட்டுகளைப் போட்டுவைக்கும் பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டிக்குள் குறுகி உட்கார்ந்திருக்கும் பையன் என் கண்ணிலேயே நிற்கிறான். பழகிய தெருவில் கால் தானாக நடக்கும். மனசுக்கு வேலை இல்லை. பாட்டுகள் அப்போதுதான் வந்தன.

'ஹலோ இன் தேர்' பாட்டை எழுதியபோது உங்களுக்கு 25 வயதுகூட ஆகவில்லை. சின்ன வயதில் முதியோர் இல்லத்துக்குப் பேப்பர் போடப் போனீர்கள். அங்கே சிலர் உங்களைச் சொந்தப் பேரனைப் போல நடத்தினார்கள். அதை நீங்கள் மறக்கவில்லை. கொரியப் போரில் ஒரு மகனைப் பறிகொடுத்துவிட்டு, பேச்சற்றுப்போன வீட்டில் இருக்கும் ஒரு வயதான தம்பதி அந்தப் பாட்டில். கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம். கதவு தட்டும் சத்தம் கேட்டால் போதும், "யாருப்பா?" என்று எழுந்துவிடுவாள். பெரும்பாலும் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவராகத்தான் இருக்கும். அவரையும் மோர் குடிக்காமல் அனுப்பமாட்டாள்.

1970இல் ஃபிஃப்த் பெக் என்ற சின்ன கிளப்பில் நீங்கள் பாடியதைக் கேட்டு, சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பத்திரிகையில் எழுதினார்: பாடும் தபால்காரர் என்று. அடுத்த வருடம் உங்கள் நண்பர் ஸ்டீவ் குட்மேன், புகழ்பெற்ற பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனைக் கையோடு கூட்டிவந்தார். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்ட நேரம். பாடி முடித்ததும், எல்லாவற்றையும் இன்னொருமுறை பாடச் சொன்னார் கிறிஸ்டோஃபர்சன். அந்த வருடமே முதல் ஆல்பம் வந்துவிட்டது.

பெரிய இசைத்தட்டு கம்பெனிகளோடு பத்து வருடம் ஓடியது. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான். 80களில் 'ஓ பாய்' என்று சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினீர்கள். அடுத்த ஆல்பத்துக்கான செலவை ரசிகர்களே முன்கூட்டி அனுப்பினார்கள். இன்னும் வராத பாட்டுக்குப் பணம்! தெருத்தெருவாகத் தபால் கொடுத்தவரை நம்பி ஊர் ஊராக இருந்து வந்த பணம் அது.

1998இல் கழுத்தில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்குப் பின் குரல் இறங்கி, கரகரத்துப் போனது. உங்களுக்கு அந்தக் குரல்தான் பிடித்துப்போனது. எனக்கும் அப்படியே. இளமையில் நீங்கள் கற்பனை செய்து எழுதிய கிழவரின் குரல், கடைசியில் உங்களுக்கே வந்து சேர்ந்திருந்தது. 2013இல் நுரையீரலிலும் புற்றுநோய். அதையும் கடந்து 2018இல் கொண்டுவந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்குப் போனது. 71 வயதில், உங்கள் வாழ்நாளிலேயே மிக உயர்ந்த இடம்!

2020 ஏப்ரல் 7, நாஷ்வில். கொரோனா உங்களைக் கொண்டுபோனது. ஊரடங்கில் கதவடைத்துக் கிடந்த அந்த ராத்திரி, ஆச்சியின் பழைய நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் பெற்றோரின் கென்டக்கி ஊரை நிலக்கரிச் சுரங்கம் விழுங்கியதைப் பற்றி, முதல் ஆல்பத்திலேயே பாடியிருந்தீர்கள்; நான் செத்தால் சாம்பலைக் கிரீன் ஆற்றில் விடுங்கள் என்று. சொன்னபடியே பாதியை அந்த ஆற்றில் கரைத்தார்கள். மீதிப் பாதியை சிகாகோவில், அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அன்புடன்,
ஆச்சியின் பேத்தி