கண்டல் கன்றுக்கு வேலி வேண்டும்: படுவான்கரையிலிருந்து ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊரவர்களுக்கும், தூர தேசங்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன்பு பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில்) ஏறி ஆற்றைக் கடந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். (எழுத்தில் மட்டக்களப்பு வாவி என்று எழுதினாலும் நாங்கள் ஆறு என்று சொல்லித்தான் பழகியிருக்கிறோம்.) பாதை நடு ஆற்றைத் தாண்டினால் மேற்குக் கரையான எங்கள் பக்கத்தில் மண் கண்ணில் படாது. உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் கண்டல், கண்ணா, தில்லை மரங்கள் நெருங்கி நின்ற பச்சைதான் தெரியும். 1978 நவம்பர் 23 சூறாவளி அன்று அந்தக் கண்டலுக்குள் இழுத்துக் கட்டிய தோணிகள்தான் மிஞ்சின என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தப் பச்சை இப்போது இல்லை. யுத்த காலத்தில் ஒரு பகுதி வெட்டுப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் நாங்களும் வெட்டினோம், அதை மறைக்கத் தேவையில்லை. மிச்சம் நின்றபடியே பட்டுப்போனது. இறங்குதுறையிலிருந்து தெற்கே கரையோரமாக ஐந்து ஏக்கர் அளவு நிலம் இன்று வெறும் சேறு. கோடையில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. இந்த ஐந்து ஏக்கரையும் மறுபடி கண்டல் காடாக்க எங்கள் மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு செயற்குழு அமைத்திருக்கிறோம். அதற்குத்தான் உங்களிடம் காசு கேட்கிறோம்.

மரம் போனதால் என்ன போனது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். எங்களுக்கு முதலில் போனது இறால். வாவி இறால் முட்டையிடுவது வாவியில் இல்லை, கடலில். பொரித்த குஞ்சுகள் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, கண்டல் வேருக்குள் ஒளிந்து, அங்கே உக்கும் இலையோடு சேர்ந்த இரையைத் தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் திரும்பக் கடலுக்குப் போகின்றன. வேர் இல்லாத கரையில் குஞ்சுக்கு ஒளிய இடம் கிடையாது, வந்த வேகத்தில் பெரிய மீனுக்கு இரையாகிவிடும். நண்டுக்கும் இதே கதைதான். கொடுவா, மணலை மீன்கள் கரைக்கு வருவதுகூட இந்தக் குஞ்சுகளைத் தேடித்தான். முன்பு எங்கள் பெண்கள் காலையில் அத்தாங்கு என்னும் கைவலையோடு இறங்கினால் வெயில் ஏறுமுன் கறிக்கும் விற்பதற்கும் சேர்த்து இறால் கொண்டு வருவார்கள். இப்போது கறிக்கே போதாத நாட்கள்தான் அதிகம். வாவி 56 கிலோமீற்றர் நீளம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தோணி இல்லாத ஒரு குடும்பத்துக்கு அந்த 56 கிலோமீற்றரில் கால் எட்டும் இந்தக் கரைதான் சொந்தம்.

சரி, கண்டல் நடுவது புது வேலையா என்றால், இல்லை. எங்கள் ஊரிலேயே இரண்டு முறை நட்டாகிவிட்டது. ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு நிறுவனம் வந்தது. ஒரே நாளில் இரண்டாயிரம் கன்று. பிள்ளைகள் வரிசையாக நின்று நட்டார்கள், படமும் எடுத்தார்கள். நட்ட இடமோ தண்ணீர் வடியாத தாழ்ந்த சேறு. அடுத்த மாரிக்கு ஆறு பெருகி நின்றபோது கன்றெல்லாம் மூழ்கி அழுகிப்போனது. 2019இல் நாங்களே இன்னும் கொஞ்சம் மேட்டில் நட்டோம். அது நன்றாகத்தான் வந்தது. கோடையில் புல் காய்ந்ததும் மாட்டுப் பட்டி இறங்கி, மேய்ந்ததும் மிதித்ததுமாக ஒரு மாதத்தில் முடித்துவிட்டது. மாட்டுக்காரரைக் குறை சொல்ல வரவில்லை. அவர்களும் மேய்ச்சலுக்கு இடமில்லாமல்தான் கரைக்கு வருகிறார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த தவறு இல்லை என்று. ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 திட்ட இடங்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை எடுத்த முயற்சியில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டும்தான். பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்க ஆள் இல்லாததும் முக்கியமான காரணங்கள். இதை வாசித்த அன்று எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இரண்டு தவறையும் நாங்களும் செய்திருந்தோம். அதன் பின்னர் நாட்டில் வழிமுறை மாறியிருக்கிறது. இடம் பார்த்து, தண்ணீர் பார்த்துச் செய்யும் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

ஆகவே இந்த முறை கன்று எங்களுக்கு முதல் வேலை இல்லை. முதல் வேலை தண்ணீர். அந்த ஐந்து ஏக்கருக்குள் முன்பு ஓர் ஓடை போய் வந்தது. கிறவல் வீதி உயர்ந்தபோது அது அடைபட்டது. ஆறு ஏறும்போது தண்ணீர் உள்ளே போவதில்லை, மழைத் தண்ணீர் புகுந்தால் வெளியே வருவதில்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்ற வற்ற மண்ணில் உப்பு ஏறியது. கண்ணா மரம் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேரால் மூச்சு விடும். அந்த வேர் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் மரம் சாகும். எங்கள் கண்ணா பட்டுப்போனது இப்படித்தான். ஓடையை 180 மீற்றர் தூரம் கையால் தோண்டித் திறக்கப் போகிறோம். தண்ணீர் போய் வரத் தொடங்கினால் கண்ணா விதைகள் மிதந்து வந்து தாங்களே முளைக்கும். முளைக்காத இடைவெளிகளில் மட்டும் கன்று நடுவோம்.

எந்த உயரத்தில் நடுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எங்கள் வாவியில் கடலின் ஏற்ற வற்றம் மிகக் குறைவு. முகத்துவாரம் மணலால் மூடியிருக்கும்போது மாரி மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் வாரக்கணக்கில் உயர்ந்து நிற்கும். வயல் வேளாண்மை தாழாமல் இருக்க முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்த பிறகுதான் இறங்கும். அதனால் கடந்த மாரியில் கரை முழுக்கத் தடி நட்டு, தண்ணீர் எந்தத் தடிக்கு எத்தனை நாள் நின்றது என்று குறித்து வைத்தோம். நடவேண்டிய கோடு அதில் தெரிந்துவிட்டது. கண்டல் காய் மரத்திலேயே முளைவிட்டு நீண்டு தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முற்றி விழும் காய்களைப் பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். நாற்றுமேடையில் முழங்கால் உயரம் வளர்த்து, மாரி கழிந்து தண்ணீர் இறங்கும் மாசியில் நடுவோம்.

இரண்டாவது வேலை வேலி. செலவில் பெரும்பகுதி இங்கேயும் காவலிலும்தான். நிலப்பக்கம் 600 மீற்றருக்கு மூன்று மீற்றருக்கு ஒன்றாக 200 கொங்கிறீட் தூண், ஒன்று 1,800 ரூபாய் வீதம் 360,000. நான்கு வரி முள்ளுக்கம்பிக்கு 12 சுருள், 144,000. ஓடை தோண்டப் பாதி வேலை சிரமதானம். ஆழமான பகுதிக்கு மட்டும் 30 ஆள் கூலி, 90,000. நாற்றுமேடைக்கு 60,000. படலை, சீமெந்து, ஏற்றுக்கூலி எல்லாம் 66,000. காவலுக்கு இரண்டு பெண்களை நியமிக்கிறோம். இருவரும் தினமும் அத்தாங்கோடு அந்தக் கரையில் நிற்பவர்கள். வேலியைப் பார்ப்பது, ஒதுங்கும் பாசியையும் பொலித்தீனையும் கன்றிலிருந்து அகற்றுவது, செத்ததை எண்ணி எழுதுவது அவர்கள் வேலை. இருவருக்கும் சேர்த்து மாதம் 15,000 வீதம் மூன்று வருடத்துக்கு 540,000. மொத்தம் 1,260,000 ரூபாய்.

காவலுக்கு இவ்வளவா என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். 2019இல் அந்தச் செலவை மிச்சம் பிடித்ததால்தான் இன்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம் என்பதே பதில்.

ஊருக்குள் இதுவரை 285,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் பிடித்த மீனைத் தந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டிக்காரர்கள் ஐந்து பேர் காசு தந்ததோடு, கரைக்கு மாடு இறங்காமல் மேற்குப் பக்கத்தால் சாய்ப்பதாகவும் ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்க மாடுகள் இறங்கும் ஒரு வழியை நாங்களும் வேலியில் விட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் தேவை 975,000. ஒரு தூணுக்கு 1,800, ஒரு சுருள் கம்பிக்கு 12,000, ஒரு மாதக் காவலுக்கு 15,000 என்று எடுத்துக்கொள்ளலாம். தூணில் பாதியைத் தந்தாலும் சந்தோஷமாக வாங்குவோம். ஊரில் இருப்பவர்கள் காசுக்குப் பதிலாக ஓடை தோண்ட ஒரு நாள் வந்து நின்றாலும் போதும்.

கரை அரசுக்குச் சொந்தமானது என்பதால் உரிய திணைக்களங்களிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே தொடங்கியிருக்கிறோம். காசு மீனவர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்கும். தலைவர், பொருளாளர், மாதர் சங்கச் செயலாளர் மூவரும் கையெழுத்து வைத்தால்தான் எடுக்க முடியும். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு உண்டு. வெளிநாட்டிலிருந்து அனுப்ப விரும்புபவர்கள் இந்த வேண்டுகோளை உங்களுக்கு அனுப்பிய உறவினரிடமே கணக்கு விவரத்தைக் கேட்டு, பொருளாளரோடு நேரில் பேசி உறுதி செய்த பிறகு அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவுசெலவையும், நட்ட கன்று எத்தனை, செத்தது எத்தனை என்ற கணக்கையும் கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம், உங்களுக்கும் அனுப்புவோம். செத்ததைக் குறைத்து எழுத மாட்டோம்.

ஆறு வற்றியிருக்கும் ஆவணிக்குள் ஓடை திறக்க வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் வேலி நிற்க வேண்டும். தூண் வார்க்கக் கொடுப்பவருக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. முதல் 50 தூண் அடுத்த கிழமை இறங்குதுறைக்கு வருகிறது.

இப்படிக்கு,
கண்டல் மீள்வளர்ப்புச் செயற்குழு
படுவான்கரை, மட்டக்களப்பு