குக்கில் மருந்துக்குத் தமிழில் விளக்கத்தாள் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடியிருப்பாளர்கள்,
கோலாலம்பூர்.

பெறுநர்:
இயக்குநர்,
பாரம்பரிய, துணைநிலை மருத்துவப் பிரிவு,
மலேசிய சுகாதார அமைச்சு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முட்டிவலிக்கு எங்கள் பெரியவர்கள் பலர் கேட்டு வாங்குவது குக்கில் மாத்திரை. இராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் முட்புதர் குக்கில். அதன் பட்டையைக் கீறினால் வடியும் பிசினைத் திரிபலா (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்) கஷாயத்தில் சுத்தம் செய்து, வாதத்துக்கும் மூட்டு வீக்கத்துக்கும் உடல் கொழுப்புக்கும் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். யோகராஜ குக்குலு என்ற மாத்திரை அப்படி வந்ததுதான். அந்த வைத்தியத்தை நாங்கள் மதிக்கிறோம். தடை கேட்டு இந்த மனுவை எழுதவில்லை.

எங்கள் கவலை வேறு. இரத்தக் கொழுப்பு குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி, சிலர் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை விழுங்குகிறார்கள். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 103 பேர் கலந்துகொண்டார்கள். எட்டு வாரம் குக்கில் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றே கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இந்தியாவில் அதற்கு முன் நடந்த சில ஆய்வுகள் குறைவதாகச் சொன்னவை என்பதும் உண்மை. இப்படி முடிவுகள் மாறுபடும்போது டாக்டரிடம் கேட்காமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் வைத்தியர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது நல்ல காரியம். பதிவு பெற்ற மருந்துப் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறது. ஆனால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அந்த எண் எதற்கு என்று யார் சொல்வது?

ஆகவே, தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையுடன் சேர்ந்து தமிழில் ஒரு பக்க விளக்கத்தாள் வெளியிட்டு, அரசாங்க கிளினிக்குகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். யார் தவிர்க்க வேண்டும், டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், பதிவு எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்பவை பெரிய எழுத்தில் இருந்தால் போதும்.

இன்னொன்றும் அதில் சேர வேண்டும். அளவுக்கு மீறிக் கீறியதால் காட்டில் குக்கில் புதர்கள் பட்டுப்போகின்றன. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். தயாரிப்பாளர் பெயரும் ஊரும் இல்லாமல் உதிரியாக விற்கும் பிசினை வாங்க வேண்டாம் என்று எழுதினால், வாங்குபவருக்கும் பாதுகாப்பு, செடிக்கும் பாதுகாப்பு.

தமிழ் வாசகங்களைச் சரிபார்க்க எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தாதியரும் தயாராக இருக்கிறார்கள். இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளோம்.

நன்றி.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடியிருப்பாளர்கள்