முக்கோணத்துக்குள் இருக்கும் எண் எதைச் சொல்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் மூன்று அம்புகள் சுற்றிவரும் முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். முக்கோணம் இருந்தால் அந்தப் பொருள் மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று ஒரு விளக்கம் வலம் வருகிறது. எண் 1 என்றால் ஒரு தடவை, 5 என்றால் ஐந்து தடவை பயன்படுத்தலாம் என்று வாட்ஸ்அப்பில் இன்னொன்று. இரண்டுமே தவறு. இந்தக் குறி அமெரிக்காவில் பிறந்தது. அங்கே அது வளர்ந்த கதை தெரிந்தால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரியும்.

1970இல் முதல் பூமி தினத்தை ஒட்டி, கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அட்டைப்பெட்டி நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் கேரி ஆண்டர்சன் வரைந்த மூன்று மடிப்பு அம்புகள் வென்றன. பழைய காகிதத்தைக் கூழாக்கி மீண்டும் அட்டையாக்கும் தொழிலுக்காக வரைந்த குறி அது. பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு அந்தச் சின்னம் யார் வேண்டுமானாலும் எடுத்தாளும்படி பொதுச்சொத்தாகிவிட்டது.

1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதே அம்புகளை மெலிதாக்கி, நடுவில் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டது. பிளாஸ்டிக்கின் வகையைத் தரம் பிரிப்பவருக்குச் சொல்வதற்கான குறியீடு என்றார்கள். 1 பெட் (தண்ணீர் பாட்டில்), 2 எச்டிபிஇ (ஷாம்பு பாட்டில்), 3 பிவிசி (குழாய்), 4 எல்டிபிஇ (மெல்லிய கவர்), 5 பாலிப்ரோப்பிலீன் (உணவு டப்பா), 6 பாலிஸ்டைரீன் (நுரைத் தட்டு). 7 என்பது ஒரு வகையே அல்ல, மிச்சமுள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான எண். பாலிகார்பனேட் வாட்டர் கேனும் சோளமாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ டம்ளரும் அதற்குள்தான் வரும். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் இந்தக் குறியீட்டைச் சட்டத்தால் கட்டாயமாக்கின. வகையை மட்டும் சொல்ல எண்ணே போதும். சுற்றி அம்புகளைப் போட்டதால்தான் வாங்குகிறவர் கண்ணுக்கு அது வாக்குறுதியாகத் தெரிந்தது. குழப்பம் அத்தனைக்கும் வேர் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணை வகையின் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது பாதிச் செய்திதான். தண்ணீர் பாட்டிலிலும் பழங்கள் வைத்து விற்கும் ஒளி ஊடுருவும் பெட்டியிலும் எண் 1 இருக்கும். ஆனால் பாட்டில் ஊதி வார்க்கப்படுவது, பெட்டி தகட்டைச் சூடாக்கி அழுத்தி எடுக்கப்படுவது. உருகும்போதும் உடையும்போதும் இரண்டும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எனவே பாட்டில் வாங்கும் ஆலைகள் பல பெட்டியைத் தொடுவதில்லை. பாட்டில் முழுவதையும் மூடிய சுருங்கு உறை இருந்தால், தரம் பிரிக்கும் கருவிக்கு அடியில் இருப்பது பெட் என்பதே தெரியாமல் போகலாம். கருவிகள் அகச்சிவப்பு ஒளியால் வகையை அறிகின்றன. கரித்தூள் கலந்த கறுப்புத் தட்டு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், எந்த எண் இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும்.

கலப்படம் இதைவிடப் பெரிய தொல்லை. பெட் பிளாஸ்டிக்கை உருக்கும் சுமார் 260 டிகிரி செல்சியஸில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். கொஞ்சம் பிவிசி நுழைந்தாலே பெட் மஞ்சளித்துக் கரும்புள்ளி விழும். கேரி பேக்குகள் தரம் பிரிக்கும் ஆலையின் சுழலும் வட்டுகளில் சுற்றிக்கொள்ளும். ஓட்டத்தை நிறுத்தி, ஆள் இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். மூடி விஷயத்தில் மட்டும் நல்ல செய்தி உண்டு. தூளாக்கிய பிறகு தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும், எச்டிபிஇ அல்லது பாலிப்ரோப்பிலீன் மூடி மிதக்கும். அதனால் பாட்டிலைக் காலி செய்து மூடியைத் திருகியே போடச் சொல்கிறார்கள். தனியாகப் போட்ட மூடி சல்லடை இடுக்கில் விழுந்து காணாமல் போகும்.

2018ஆம் ஆண்டுக்கான அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, அங்கே மொத்த பிளாஸ்டிக்கில் மறுசுழற்சியானது 8.7 சதவீதம். பெட் பாட்டில், ஜாடிகளில் 29.1 சதவீதம். எண்ணெய் டப்பா, தயிர் டப்பா, நுரைத் தட்டு எல்லாவற்றிலும் ஒரே அம்புகள் இருந்தும் கதி வேறாக இருக்கிறது. 2013இல் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம் அம்புகளை நீக்கி, எண்ணைச் சுற்றி வெறும் முக்கோணம் போதும் என்று மாற்றியது. பழைய அச்சுகளை உடனே மாற்றத் தேவையில்லை என்று விட்டதால் அம்புகள் இன்னும் கடைகளில் இருக்கின்றன. கலிஃபோர்னியா 2021இல் சட்டமே போட்டது. உண்மையில் சேகரித்து மறுசுழற்சி செய்யப்படாத பொருளில் இந்த அம்புகள் இருக்கக் கூடாது. மாநில மக்களில் குறைந்தது 60 சதவீதம் பேருக்காவது அதைச் சேகரிக்கும் வசதி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

இந்தக் குறியோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு விளம்பரம். பூர்வகுடி உடையில் ஒருவர் படகில் வந்து இறங்குவார். ஓடும் காரிலிருந்து வீசிய குப்பை அவர் காலடியில் விழும், கண்ணில் ஒரு துளி நீர் வழியும். மாசைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மக்களே என்பது செய்தி. நடித்த அயர்ன் ஐஸ் கோடி இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். விளம்பரம் தந்த கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல் அமைப்பை 1953இல் தொடங்கியவர்களில் கேன், கண்ணாடி பாட்டில் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். அதே 1953இல் வெர்மான்ட் மாநிலம், திரும்ப நிரப்ப முடியாத பாட்டிலில் பீர் விற்பதைத் தடை செய்திருந்தது. விளம்பரம் வந்த அதே 1971இல் ஓரிகன் மாநிலம் பாட்டிலுக்கு 5 சென்ட் வைப்புத்தொகை வாங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பாட்டிலைத் தயாரித்தவரைக் கேள்வி கேட்கும் சட்டங்கள் ஒரு பக்கம் வர, குப்பை போட்டவரைக் கேள்வி கேட்கும் கண்ணீர் மறுபக்கம் வந்தது. 2023இல் அந்த விளம்பரத்தின் உரிமை அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியப் பேரவைக்குக் கைமாறியது. இனி அது வெளிவராதபடி பேரவை நிறுத்திவிட்டது.

அமெரிக்கப் பொட்டலம் கையில் கிடைத்தால் முக்கோணத்தைவிட உதவுபவை வேறு. பாட்டில், கேன் மீது மாநிலப் பெயரின் சுருக்கமும் 5 அல்லது 10 சென்ட் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மாநிலங்களில் அது திரும்பக் கிடைக்கும் காசு. ‘மறுசுழற்சி செய்யலாம்’ என்பதும் ‘மறுசுழற்சி செய்த பொருளால் ஆனது’ என்பதும் வேறு வேறு. இரண்டாவதில் எத்தனை சதவீதம், அதில் மக்கள் பயன்படுத்திப் போட்டது எவ்வளவு, ஆலையில் வெட்டி மிஞ்சிய துண்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அதே 1 முதல் 7 எண்கள்தான் நம் ஊர்ப் பாட்டில்களிலும் இருக்கின்றன. இங்கே முடிவு செய்வது காயலான் கடைக்காரர். பால் கவர் ஒரே குடும்பத்து பிளாஸ்டிக், தினமும் நிறையச் சேரும், அதனால் விலை போகும். சிப்ஸ் பாக்கெட்டில் உலோகப் பூச்சோடு பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் போகாது. வைப்புத்தொகை முறையும் நமக்குப் புதிதல்ல. நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தருகிறார்கள்.

இந்தக் குறியை விளக்கும் கட்டுரைகளை இனி வெளியிடும்போது, ஏழு எண்களின் பட்டியலோடு நிறுத்தாமல், அந்தந்த மாவட்டத்துப் பழைய பொருள் வியாபாரிகள் எந்த வகையைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள், எதை எடுப்பதே இல்லை என்பதையும் கேட்டுப் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மறுசுழற்சித் துறையைச் சேர்ந்த வாசகர்,
கோயம்புத்தூர்